கருங்காலிக் கட்டை

இருபத்தைந்து கட்டங்கள் மட்டுமே கொண்ட ஓர் இசைத்துண்டை வாசிக்கக் கற்றுக்கொள்வதற்கு எனக்கு எட்டு மாதங்கள் பிடித்தன. தேர்ந்த கைக்கு அது இரண்டு நிமிட வேலை. எழுபதை எட்டிய ஒருவன், வாழ்நாளெல்லாம் வெண்கட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்களை வைத்துக்கொண்டு, இப்படியொரு காரியத்தில் ஏன் இறங்கினான் என்று நண்பர்கள் கேட்டார்கள். பழைய தோழர் ஒருவர் சற்றுக் கடுமையாகவே கேட்டார்: "சனம் சோத்துக்கு அல்லாடுது. நீர் என்னடாவெண்டால் வெள்ளைக்காரன்ரை பெட்டியைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்."

கேள்வி நியாயமானது. இதே கேள்வியை 1978ஆம் ஆண்டில் நானே மற்றொருவரிடம் கேட்டிருக்கிறேன். கேட்டதோடு நில்லாமல், அதற்கான விடையையும் நானே எழுதி, தீர்மானமாக்கி, கைதூக்க வைத்து நிறைவேற்றியும் இருக்கிறேன். ஆகவே தோழருக்கு மறுமொழி சொல்லும் கடன் எனக்கு உண்டு.

அப்போது நான் குடாநாட்டுப் பாடசாலை ஒன்றில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியன். மிசனரிமார் தொடங்கி, 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் அரசாங்கம் பொறுப்பேற்ற பாடசாலைகளுள் அதுவும் ஒன்று. மிசனரிமார் விட்டுப்போன பொருள்களில் ஒரு பியானோவும் இருந்தது. பிரதான மண்டபத்தின் மூலையில், நிறம் மங்கிய துணியொன்றின் கீழ், சுவரோடு ஒட்டி நிற்கும் வகையைச் சேர்ந்த பியானோ. மாரிகாலத்தில் அதன் மரம் ஊதி, சில கட்டைகள் அழுத்தினால் எழும்பமாட்டா. அதை வாசிக்கத் தெரிந்தவர் அங்கே ஒருவரே. ஆங்கிலம் படிப்பித்த முதிய ஆசிரியை அவர். பிள்ளைகளும் நாங்களும் அவரைப் 'பியானோ ரீச்சர்' என்றே சொல்லுவோம்.

பாடசாலை கலைந்து, பிள்ளைகளின் ஆரவாரம் றோட்டோடு அடங்கியபின், அவர் சில நாள்களில் அந்தத் துணியை விலக்கி வாசிப்பார். பெரும்பாலும் ஒரே துண்டு, மெதுவானது. அடுத்த அறையில் நான் சங்கக் கூட்டத்துக்குச் சுவரொட்டி எழுதிக்கொண்டிருப்பேன். அவ்விசை எனக்குப் பிடித்திருந்ததா இல்லையா என்று அன்று என்னை யாராவது கேட்டிருந்தால், அது அழிந்துபோகும் வர்க்கம் ஒன்றின் ஒப்பாரி என்று சொல்லியிருப்பேன். பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள இத்தனை வருடங்கள் சென்றன.

அவ்வாண்டு ஆசிரியர் கூட்டத்தில், பியானோவை ஏலத்தில் விற்று நூலகத்துக்குப் புத்தகம் வாங்கவேண்டும் என்ற பிரேரணையை நான் கொண்டுவந்தேன். நன்றாகத்தான் பேசினேன். இது துரைமாரின் விறாந்தையில் இருந்த தளபாடம் என்றேன். நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகள் தொட்டும் பாராத ஒரு பொருளுக்கு மண்டபத்தில் இடம் எதற்கு என்றேன். பீத்தோவனின் 'அப்பாசியோனாட்டா'வைக் கேட்ட லெனின், அதை அடிக்கடி கேட்க இயலாது, அது தலைகளைத் தடவிக்கொடுக்கச் சொல்கிறது, ஆனால் காலமோ அப்படிப்பட்டதன்று என்று சொன்னதாகக் கார்க்கி எழுதிய சம்பவத்தையும் எடுத்துவிட்டேன். அதே லெனின் அந்த இசையை நாள்தோறும் கேட்க ஆயத்தமாயிருந்ததாகச் சொன்ன முற்பாதியை, மேடைப் பேச்சாளர்களின் வழக்கப்படி, விட்டுவிட்டேன். கடைசியில், "இந்தப் பெட்டியில் எங்களுடையது என்று சொல்ல ஒரு துரும்பும் இல்லை" என்று முடித்தேன்.

ரீச்சர் எழுந்தார். வாதாடவில்லை. "கறுப்புக் கட்டையள் கருங்காலி, தம்பி. எங்கடை காட்டிலையிருந்தும் போன மரம்தான்" என்றார்.

எனக்கு உடனே வாயில் வந்தது. "கருங்காலி எண்டால் எங்கடை சங்கத்திலை வேறை கருத்து, ரீச்சர்!"

மண்டபம் சிரித்தது. தொழிற்சங்கம் அறிந்த எவருக்கும் அச்சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை. வேலைநிறுத்தத்தை முறித்துக்கொண்டு உள்ளே போகிறவனுக்கு நாம் இட்ட பெயர் அது. ரீச்சர் இருந்துவிட்டார். பிரேரணை நிறைவேறியது. பியானோ நானூறு ரூபாவுக்குச் சற்று மேலே போயிற்று. வாங்கியவர் ஒரு தளபாட வியாபாரி, பலகைக்காகத்தான் வாங்கினார். அப்பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஓர் அலுமாரி நிறையப் புத்தகம் வாங்கினோம். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்கள் அவற்றுள் பாதி. அவற்றைப் படித்து ஆளான பிள்ளைகளை நான் அறிவேன். அந்தப் புத்தகங்களை வாங்கியதற்காக நான் இன்றும் வருந்தவில்லை. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் அலுமாரியோடு அவையும் போயின; அது வேறு கதை.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். ரீச்சர் சங்கச் சந்தாவை ஒரு மாதமும் தவறவிட்டவரல்லர். எந்த வேலைநிறுத்தத்திலும் அவர் பாடசாலைப் படலையைத் தாண்டி உள்ளே போனவரல்லர். அன்று சிரித்தவர்களுள் மூவர் போயிருக்கிறார்கள்.

எனது மகன் கொழும்பில் இருக்கிறான். பென்சன் எடுத்தபின் நானும் அங்கேதான். பேத்திக்குப் பன்னிரண்டு வயது. லண்டனிலிருந்து நடத்தப்படும் சங்கீதப் பரீட்சைகள் இன்றைக்கும் இங்கே நடக்கின்றன. எட்டுத் தரங்கள், ஒவ்வொரு தரத்துக்கும் கட்டணம், ஒவ்வொரு தரத்துக்கும் சட்டமிட்டு மாட்டச் சான்றிதழ். நடுத்தர வர்க்கத்து வீடுகளில் அந்தச் சான்றிதழ்கள் சீதனப் பத்திரம்போலச் சுவரில் தொங்குவதைப் பார்த்து நான் முகம் சுளித்ததுண்டு. மகனும் ஒரு மின்பியானோவை வாங்கிப் போட்டிருந்தான். ஒருநாள் பின்னேரம் பேத்தி புதிய இசைத்தாள் ஒன்றை மேசையில் விரித்து, தடக்கித் தடக்கி வாசிக்கத் தொடங்கினாள். நான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கட்டத்தில் பத்திரிகையை மடித்துவிட்டேன். அது ரீச்சரின் பாட்டு.

"உதின்ரை பேர் என்ன, பிள்ளை?"

"பிரெலூட், அப்பப்பா. ஷோப்பான்ரை. ஓப்பஸ் இருபத்தெட்டு, நாலாவது."

நாற்பது வருடங்களுக்கு மேலாகப் பெயர் தெரியாமல் தலைக்குள் கிடந்த ஒன்றுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அடுத்தநாளே பேத்தியிடம் கற்கத் தொடங்கினேன்.

நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவன் என்பதால் கட்டைகள் எனக்குப் புதியனவல்ல. ஆனால் ஆர்மோனியத்தில் இடக்கைக்குத் துருத்தி போடும் வேலை மட்டுமே உண்டு. பாட்டெல்லாம் வலக்கைக்கு. இடக்கை காற்றைக் கொடுக்கும், வலக்கை பெயரைத் தட்டிக்கொண்டு போகும். ஐம்பது வருடமாக என் இடக்கை அப்படியே பழகிவிட்டது. இந்த முன்னிசையிலோ நிலைமை தலைகீழ். வலக்கைக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. தொடக்கத்தில் ஒரு சுரத்திலிருந்து அதன் மேல்ஸ்தாயிக்கு ஒரு தாவல். அதன்பின் முதல் மூன்று கட்டங்களிலும் இரண்டே சுரங்கள். நீண்டதொன்று, குறுகியதொன்று, மீண்டும் நீண்டது. ஈ என்னும் சுரத்தை ஆதார சட்சமாகக் கொண்டால், எங்கள் முறைப்படி அவை பஞ்சமமும் சுத்த தைவதமும். ஒரு குழந்தை ஒற்றை விரலால் வாசிக்கலாம்.

வேலை முழுவதும் இடக்கைக்கு. மூன்று விரல்கள் மூன்று கட்டைகளை ஒருங்கே அழுத்தவேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் எட்டுத் தடவை. பாட்டு முழுவதிலும் இப்படிச் சுமார் நூற்றைம்பது தடவை. எட்டும் ஒரே சீராக இருக்கவேண்டும். ஆயினும் தையல் மெசின் ஓடுவதுபோல இருக்கக்கூடாது. பிறகு ஒரு விரல், சிலவேளை இரண்டு, அரைச்சுரம் கீழே இறங்கும். மற்றது நின்ற இடத்திலேயே நிற்கும். அடுத்து அது இறங்கும், முன்பு இறங்கியது காத்து நிற்கும். மூன்றும் ஒன்றாக நகர்வது அரிது. கிணற்றுப் படியில் குடத்தோடு இறங்கும் பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கால்வைப்பதை ஒத்தது அது.

முதல் மாதம் இடக்கையை மட்டும் பழகினேன். மாலையில் முழங்கைவரை நோகும். பெருவிரல் எப்போதும் மற்ற இரண்டையும் அமுக்கி உரத்துக் கேட்கும், அதிபரில்லாத நேரத்து உப அதிபர்போல. இரவில் வீட்டார் உறங்கியபின் காதிலே குழாய்களை மாட்டிக்கொண்டு வாசிப்பேன். எனக்கு இசை கேட்கும். மற்றவர்களுக்குக் கட்டைகள் விழும் சத்தம் மட்டுமே கேட்கும். "மாமா இரவிரவாய் மரக்கறி வெட்டுறார்" என்று மருமகள் அயலாருக்குச் சொன்னதாகக் கேள்வி.

இரண்டாம் மாதம் வலக்கையைச் சேர்த்தேன். அப்போதுதான் பியானோ என்ற கருவியின் இயல்பு எனக்கு உறைத்தது. ஆர்மோனியத்தில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். பியானோவில் சுத்தியல் தந்தியை அடித்த கணத்தோடு எமது அதிகாரம் முடிந்துவிடுகிறது. அதன்பின் அந்தச் சுரம் தேய்வது ஒன்றுதான். அசைக்கவோ, வளைக்கவோ, கமகம் சேர்க்கவோ இயலாது. மின்பியானோவும் இந்தக் குணத்தை அப்படியே பின்பற்றுகிறது. எங்கள் காதுக்கு இது பெரிய குறையாகவே தோன்றும். எனக்கும் அப்படியே தோன்றியது.

ஆனால் அந்தக் குறையின்மேலேயே இந்தப் பாட்டு கட்டப்பட்டிருக்கிறது. வலக்கையின் நீண்ட சுரம் ஒலித்துத் தேய்ந்துகொண்டிருக்கிறது. அதன் கீழே இடக்கை எட்டுத் தடவை தட்டுகிறது. இடக்கை சற்று அழுத்தினாலும் மேலே தேயும் சுரம் மூடுண்டு போகும். ஆகவே வேலைசெய்யும் கை, வேலைசெய்யாத கையைக் கேட்டுக்கேட்டு நடக்கவேண்டும். அதைவிடப் பெரிய விடயம் ஒன்றுண்டு. வலக்கை அதே இரண்டு சுரங்களையே சொல்லிக்கொண்டிருக்கிறது. இடக்கையின் விரலொன்று அரைச்சுரம் இறங்கியதும், மேலே மாறாமலிருந்த சுரத்தின் பொருள் மாறிவிடுகிறது. சற்றுமுன் வெறும் துயரமாக இருந்தது இப்போது கேள்வியாக இருக்கிறது. அடுத்த கட்டத்தில் மன்றாட்டாக இருக்கிறது. மேலே ஒன்றும் நடக்கவில்லை; எல்லாம் கீழே நடந்தது. மார்க்சீயம் படித்தவனுக்கு இவ்விடத்தில் அடித்தளமும் மேற்கட்டுமானமும் பற்றிய உவமை தானாகவே வந்து வாசலில் நிற்கும். நான் அதை உள்ளே கூப்பிடவில்லை.

பேத்தி இதைத் தன் பாட்டிலே சொன்னாள்: "அப்பப்பா, இடக்கைதான் பாட்டு. வலக்கை சும்மா மூச்சு விடுது."

ஷோப்பானும் தம் மாணவருக்கு ஏறக்குறைய இதையே சொல்லுவாராம். இடக்கைதான் இசைக்குழுவை நடத்துபவன், வலக்கை அதன்மேல் தன் விருப்பம்போல் உலாவலாம் என்பது அவருடைய போதனை. விரல்களைப் பற்றியும் அவருக்குத் தனியான கருத்து இருந்தது. அக்காலத்து ஆசான்மார் பத்து விரல்களையும் ஒரே பலமுடையவையாக ஆக்குவதற்காகப் பிள்ளைகளை வதைத்தார்கள். சில பொறிகளில் கையைப் பூட்டியும் பழக்கினார்கள். அவரோ ஒவ்வொரு விரலுக்கும் அதற்கேயுரிய இயல்பு உண்டு, அதைக் கெடுக்காமல் பயன்படுத்தவேண்டும் என்றார். தொடக்க மாணவரை வெள்ளைக் கட்டைகள் மட்டுமே வரும் வரிசையில் அவர் தொடங்க வைப்பதில்லை. பெருவிரலும் சிறுவிரலும் வெள்ளைக் கட்டைகளில் இருக்க, நீண்ட நடுவிரல்கள் மூன்றும் உயர்ந்து நிற்கும் கறுப்புக் கட்டைகளில் படியும்படி கையை வைக்கச் சொல்லுவார். கை இயல்பாக அமரும் இடம் அது. முடிக்கப்படாமல் நின்றுபோன அவருடைய பியானோப் பாடநூற் குறிப்புகளில் இது இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு ரீச்சரின் சொல் நினைவுக்கு வந்தது. அந்தக் கை அமர்ந்தது கருங்காலியின்மேல்.

முழுப் பியானோவில் 88 கட்டைகள். வெள்ளை 52, கறுப்பு 36. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நல்ல பியானோக்களின் வெள்ளைக் கட்டைகளுக்குத் தந்தத் தகடு ஒட்டினார்கள். கிழக்காபிரிக்காவின் உள்நாட்டில் கொல்லப்பட்ட யானைகளின் தந்தத்தை, அடிமைகளாக்கப்பட்டோர் உட்படச் சுமைகாவிகள் தலையிலும் தோளிலும் தூக்கிக் கடற்கரைக்கு நடந்தார்கள். அது சன்சிபாரிலிருந்து கப்பலேறியது. அமெரிக்காவின் கனெக்டிக்கட் மாநிலத்தில் பியானோக் கட்டை செய்வதற்கென்றே எழுந்த ஓர் ஊருக்கு 'ஐவரிட்டன்', அதாவது தந்தபுரி, என்றே பெயர். கறுப்புக் கட்டைகளுக்குக் கருங்காலி. நீருள் அமிழும் அளவுக்குக் கனமான, வரியில்லாத தூய கறுப்பான கருங்காலி எங்கள் இலங்கையினது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக எங்கள் வறண்ட காடுகளிலிருந்து அதைத் தறித்துக் கொண்டுபோய், கட்டிலும் கதிரையும் கருவிகளும் செய்தார்கள். இன்று அதைத் தறிப்பது சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருக்கிறது. பேத்தியின் மின்பியானோவில் கறுப்பும் வெள்ளையும் பிளாஸ்டிக்.

"எங்களுடையது ஒரு துரும்பும் இல்லை" என்று நான் பேசினேன். உழைப்பைப் பற்றி மணிக்கணக்காகப் பேசத் தெரிந்த நான், என் கண்முன் நின்ற பொருளில் யாருடைய உழைப்பு இருந்தது என்று பார்க்கவில்லை. அது எந்த அறையில் வைக்கப்பட்டிருந்தது என்பதைத்தான் பார்த்தேன். ஆங்கிலம் படிப்பித்த ஒரு கிழவிக்கு அன்று தெரிந்த பொருள்முதல்வாதம் எனக்குத் தெரியவில்லை.

இதனால் இசை வர்க்கங்களுக்கு அப்பாற்பட்டது என்று இப்போது கட்சி மாறிவிட்டேன் என்று எவரும் எண்ணவேண்டாம். அந்தச் சுலபமான வழியும் எனக்கு உடன்பாடில்லை. இந்தப் பாட்டு எழுதப்பட்ட கதையே அதற்குச் சாட்சி.

1830 நவம்பர் தொடக்கத்தில், இருபது வயதில், ஷோப்பான் வார்சோவை விட்டுப் புறப்பட்டார். அதே மாத முடிவில் ரஷ்யச் சார் ஆட்சிக்கு எதிராகப் போலந்தில் எழுச்சி வெடித்தது. அடுத்த ஆண்டு அது நசுக்கப்பட்டது. அவர் பிறகு நாடு திரும்பவேயில்லை. பாரிசில் பிரபுக்களின் மாளிகைகளில் வாசித்து, அவர்களுடைய பெண்களுக்குப் படிப்பித்து வாழ்ந்தார். ஒரு பாடத்துக்கு 20 பிராங்க். பாரிஸ் தொழிலாளி ஒருவனுக்கு அது பல நாள் கூலி. 24 முன்னிசைகள் அடங்கிய இத்தொகுதிக்கு, பியானோச் செய்கையாளரும் பதிப்பாளருமான கமில் பிளெயெல் 2000 பிராங்க் கொடுத்தார். கணக்குப் பார்த்தால் நூறு பாடத்தின் கூலி.

1838ஆம் ஆண்டுக் கடைசியில், நெஞ்சுநோயோடு, எழுத்தாளர் ஜோர்ஜ் சாண்ட் அம்மையாருடனும் அவருடைய இரு பிள்ளைகளுடனும் ஸ்பானியாவின் மயோர்க்காத் தீவுக்குப் போனார். சயரோகம் என்று வைத்தியர்கள் சொன்னதும் வாடகை வீட்டுக்காரர் வெளியேற்றினார். மலையிலுள்ள வல்தெமோசா மடாலயத்தில் இடம் கிடைத்தது. அங்கே வெளியாருக்கு அறை கிடைத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1835இல் ஸ்பானிய அரசாங்கம் துறவியரை வெளியேற்றி மடங்களின் சொத்தைப் பறிமுதல் செய்திருந்தது. பாரிசிலிருந்து பிளெயெல் அனுப்பிய பியானோவுக்குச் சுங்கத்தார் பெருந்தொகை கேட்டுத் தடுத்துவைத்தார்கள். அது கைக்கு வந்தபோது வேலை முடியும் தறுவாய். உள்ளூரில் கிடைத்த மட்டமான ஒரு பியானோவை வைத்துக்கொண்டே அவர் பெரும்பகுதியைச் சரிபார்த்தார். எமது நாலாவது முன்னிசை அந்தத் தீவிலேயே எழுதப்பட்டது என்பது ஆய்வாளர் கருத்து. 1839 ஜனவரியில் கையெழுத்துப் பிரதி பாரிசுக்குப் போயிற்று, அவ்வாண்டே அச்சானது.

சாண்ட் அம்மையாரைப் பற்றி ஒரு சொல். அவர் பொதுவுடைமைச் சிந்தனையாளரின் நண்பர்; தொழிலாளரின் கவிதைகளை ஆதரித்தவர்; 1848ஆம் ஆண்டுக் குடியரசுக்காக எழுதியவர். எங்கள் அணியைச் சேர்ந்தவர் என்றே சொல்லலாம். ஆனால் மயோர்க்கா வாசத்தைப் பற்றி 1842இல் அவர் வெளியிட்ட நூலில், அத்தீவின் ஏழைக் கமக்காரரை எவ்வளவு இழிவாக எழுத முடியுமோ அவ்வளவு இழிவாக எழுதினார். கமக்காரரும் இவர்களுக்குச் சாமான்களை அறாவிலைக்கு விற்றார்கள். கோயிலுக்கு வராதவர்கள், நோய்காவிகள் என்று ஒதுக்கினார்கள் என்பதும் உண்மையே. மனித குலத்தை நேசித்துக்கொண்டே பக்கத்து வீட்டு மனிதனை வெறுப்பது முற்போக்காளருக்கு இயலாத காரியமன்று. அந்த நூலைப் பற்றிப் படித்தபோது நான் அவரைக் கண்டிக்க அவசரப்படவில்லை.

இதற்கு மறுபுறமும் ஒன்றுண்டு. 1940 மே 31இல், வார்சோவின் பூங்காவில் நின்ற ஷோப்பானின் சிலையை நாஜிகள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அவருடைய இசையைப் பொதுவில் வாசிப்பதைத் தடைசெய்தார்கள். வார்சோ மக்கள் அதைக் கதவடைத்த வீடுகளில் வாசித்தார்கள். பிரபுக்களின் மாளிகையில் 20 பிராங்குக்கு விற்கப்பட்ட அதே இசை. மக்கள் போலந்து அந்தச் சிலையை 1958இல் மீண்டும் எழுப்பியது. ஒரு பொருள் எந்த அறையில் பிறந்தது என்பதோடு அதன் வரலாறு முடிந்துவிடும் என்று நினைத்த நான், வார்சோ பற்றி அன்றே படித்திருந்தேன். மேடையில் சொல்லியும் இருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பாட்டுக்குத் திரும்புகிறேன். பன்னிரண்டாம் கட்டத்தில் அது ஒருமுறை தளர்ந்து நின்று, மறுபடியும் தொடக்கத்திலிருந்தே தொடங்குகிறது. இரண்டாம் முறை போகும்போது, முன்பு பொறுத்துக்கொண்டதைப் பொறுக்கமாட்டாமல், பாதி வழியில் நெருக்கி உரக்கக் கதறுகிறது. இசைத்தாளில் 'ஸ்ட்ரெட்டோ' என்று போட்டிருக்கிறது. நெருக்கிக்கொண்டு போ என்று பொருள். இடக்கை கீழே பெருஞ்சுரங்களுக்குத் தாவவேண்டும். இந்த இரண்டு கட்டங்களில் மட்டும் நான் இரண்டு மாதம் கிடந்தேன். ஒருநாள் ஒருவாறு தவறின்றி அதைக் கடந்து, வெற்றியோடு பேத்தியைப் பார்த்தேன்.

"சரிதான் அப்பப்பா. ஆனால் கூட்டத்திலை பேசுறமாதிரி இருக்கு."

"அப்ப எப்பிடி இருக்கவேணும்?"

அவள் யோசித்தாள். "கத்தக்கூடாது எண்டு நினைச்சுக்கொண்டிருந்த ஆள் கத்தினமாதிரி."

பன்னிரண்டு வயதில் இது எங்கிருந்து வந்ததோ தெரியாது. தரம் எட்டுப் பரீட்சையில் இதற்குப் புள்ளி இருக்குமா என்பதும் சந்தேகமே. கைதட்டலுக்காக உயர்த்திப் பழகிய குரல், விரலுக்கும் வந்துவிடுகிறது. அதை இறக்க எனக்கு இன்னொரு மாதம் சென்றது. சொல்லப்போனால், விரலில்தான் இறக்கியிருக்கிறேன்.

ஷோப்பான் 1849 அக்டோபர் 17இல் இறந்தார். பாரிசின் மதலேன் தேவாலயத்தில் 30ஆம் திகதி நடந்த இறுதிச்சடங்கில் இந்த முன்னிசையை ஓர்கனில் வாசித்தார்கள். ஓர்கன் ஆர்மோனியத்தின் பெரிய தமையன்; அதிலே சுரம் தேய்வதில்லை. தேயாத சுரத்தோடு இந்தப் பாட்டு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். பேத்தியின் மின்பியானோவில் ஓர்கன் ஒலிக்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. ஒருநாள் அதிலும் வாசித்துப் பார்த்தேன். எனக்கு அது சரிவரவில்லை. எல்லாச் சுரமும் சாகாமல் நின்று ஒன்றையொன்று நெருக்குகின்றன.

பியானோ ரீச்சர் எண்பதுகளில் இளைப்பாறி, மகளோடு வெளிநாடு சென்று, அங்கேயே காலமானார் என்று கேள்விப்பட்டேன். அவரிடம் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. பிரேரணை நிறைவேறிய அடுத்தநாள் ஆசிரியர் அறையில் அவர் எனக்கு வழக்கம்போலக் காலை வணக்கம் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். அவ்வளவே. பியானோவை லொறியில் ஏற்றிய நாளில் அவர் விடுமுறை எடுக்கவில்லை. ஏழாம் வகுப்பில் இலக்கணம் படிப்பித்துக்கொண்டிருந்தார். குரல் வெளியே கேட்டது.

இப்போது முழுவதையும் வாசிக்கிறேன். நன்றாக வாசிக்கிறேன் என்று சொல்லமாட்டேன். இருபத்துமூன்றாம் கட்டத்தில் இடக்கை ஒருமுறை எதிர்பாராத ஒரு கூட்டொலியில் வந்து நிற்கும், அதன்பின் ஓய்வு. அந்த ஓய்வின்மேல் ஒரு வளைவும் புள்ளியும் இட்டிருக்கிறது. விரும்பிய அளவுக்கு நிறுத்து என்பதற்கான குறி. எவ்வளவு நேரம் என்று தாளில் இல்லை. பேத்தி நாலு எண்ணச் சொல்லுகிறாள். எனக்கு நாலு போதாது.

பாடசாலையில் மண்டபக் கதவைப் பூட்டுவதற்காகக் காவலாளி திறப்புக்கோர்வையோடு தூணருகே நிற்பார். ரீச்சர் அந்த இடத்தில் கையை எடுத்து மடியில் வைத்துவிடுவார். முடிந்துவிட்டதென்று நினைத்து, ஆரம்ப நாள்களில் அவர் யன்னல்களைச் சாத்தத் தொடங்குவார். ஒன்றைச் சாத்தி, இரண்டாவதில் கைவைக்கும்போது, மிகவும் தணிந்து அந்தக் கடைசி மூன்று கூட்டொலிகளும் வரும். பின்னாள்களில் அவருக்குப் பழகிவிட்டது. திறப்புகள் கிலுங்காமல் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு காத்து நிற்பார். அடுத்த அறையில் நானும் தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பேன், சுவரொட்டியில் மை சொட்டிவிடாமல்.